இரண்டு டாக்டர், ஒரு தாடை

என் அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு மைக், கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொல்வதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு மதியம் அறிவிப்புக்கு நடுவில் அவளுடைய தாடை பிடித்துக்கொண்டது. திறந்த வாய் மூடவில்லை. நிலையம் முழுக்க ‘ஆ’ என்று மட்டும் கேட்டது.

மருத்துவமனையில் தாடையைச் சரியாகப் பொருத்தி அனுப்பினார்கள். மறுநாளே அலுவலகத்தில் அவளைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பரிசோதித்து, இருவருமே நன்றாக இருக்கிறது என்றால்தான் மைக் திரும்பக் கிடைக்கும். இருவருமே சரியில்லை என்றால் சாமான் அறையே நிரந்தரம். ஆளுக்கொன்று சொன்னால் அடுத்த மாதம் மறுபடி பரிசோதனை. நியாயமான ஏற்பாடு என்றுதான் முட்டாள்தனமாக நானும் நம்பினேன்.

முதல் டாக்டர் குண்டு. "வலி ஆரம்பிக்கிற வரைக்கும் திறங்கம்மா" என்றார். அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாமவர் நெட்டை. "எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறங்க" என்றவர், போதாதென்று தன் விரலாலும் நெம்பிவிட்டு, "தாராளமா திறக்குதே" என்றார். குண்டு டாக்டர் லிஃப்ட் பொத்தானை அமுக்குவதுபோல் கன்னத்தை அமுக்கினார். அக்கா முகம் சுளித்தாள். நெட்டை டாக்டர் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் தொட்டார். அவள் கண்கூடச் சிமிட்டவில்லை. ஒருவருக்கு அவள் காதோரம் ‘டக்’ என்று கேட்டது. இன்னொருவருக்குக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் போனால் எல்லாம் தலைகீழ். குண்டு டாக்டர் நன்றாக இருக்கிறது என்கிறார். நெட்டை டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டுகிறார்.

"அதே தாடைதானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"நாளுக்கு நாள் மாறும்மா" என்றார் குண்டு டாக்டர், மழை வருமா வராதா என்று சொல்வதுபோல. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் அத்தான் வேறு. லேத் பட்டறைக்காரர். "அளவுன்னா அளவுதான். அதெப்படி ஆளுக்கு ஆள் மாறும்?" என்று பட்டறை அளவுகோலை வெந்நீரில் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாவது பரிசோதனைக்குக் கிளம்புகிற அன்று, காபி ஆறும்வரை அக்காவைத் திறந்து மூடி, திறந்து மூடி அளந்தார். சத்தம் வருகிறதா என்று நானும் காதோரம் விரலை வைத்துப் பார்த்தேன். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தாடை வீங்கிவிட்டது. இன்று பார்க்கவே முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

"அத்தான், அவ என்ன இரும்புக் கம்பியா?" என்று வழியெல்லாம் கத்தினேன்.

மருத்துவமனையில் நான் போட்ட சண்டையில்தான் கடைசியாகத் தலைமை டாக்டரம்மா தலையிட்டார். இரண்டு டாக்டர்களையும் முதலில் ஒரு தராசை விரலால் அமுக்கச் சொன்னார். யார் அமுக்கினாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை விடவில்லை. இருவரும் அக்காவிடம் ஒரே வார்த்தைகளில்தான் கேட்க வேண்டும் என்றார். பிறகு ஒருவர் பார்த்து, அவள் ஓய்வெடுத்து, அடுத்தவர் பார்த்தார். அப்பாடா, புத்தியுள்ள ஒரு மனுஷி இருக்கிறாளே என்று எனக்கு உயிரே திரும்பி வந்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணையேதான் சொல்றாங்க" என்றார் டாக்டரம்மா. "மூட்டு தேஞ்சிருக்கு. மைக் வேலை வேண்டாம்."

ஒத்துப்போங்கள், ஒத்துப்போங்கள் என்று மாதக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியவள் நான்தான். "வேற டாக்டர் யாராவது பாத்தா மாறுமில்ல?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி. இதுல இன்னும் எத்தனை பேர் கை வைக்கணும்? வலிக்குது."

இத்தனை மாதத்தில் எங்களிடம் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.