நம்ம பயலின் முதல் பதினைந்து நகர்வுகள்

குதிரையை நகர்த்திவிட்டு, எழுந்துபோய் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து பலகையை முறைக்கிறார் கண்ணாடி அக்கா. நகர்வு பிடித்துவிட்டால் நோட்டில் பச்சை மை. ஆடவே கூடாதென்றால் சிவப்பு. அதற்குப் பிறகுதான் எதுவும் கணினியில் ஏறும்.

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மாலையானால், தம்பி உருவாக்கிய சதுரங்க நிரலுக்குத் தொடக்கப் புத்தகம் எழுதுகிறார். எதிராளி இப்படி வந்தால் நீ இப்படிப் போ என்று, முதல் பதினைந்து நகர்வுகளை அதற்கு முன்கூட்டியே மனப்பாடம் செய்துவைக்கிற வேலை. நிரலை அவர் ‘நம்ம பய’ என்றுதான் சொல்வார்.

“அடிதடின்னா நம்ம பய பொளந்து கட்டுவான். நாலு பக்கமும் அடைச்சுட்டா முழி பிதுங்கிடும். பவர் பாக்காம கண்ணாடி மாட்டலாமா?”

ஊரே மெச்சுகிற நகர்வானாலும் பயலுக்கு ஒத்துவராவிட்டால் சிவப்புதான்.

ஆனைக்கும் அடி சறுக்கும். நிரலோடு நிரல் மோதும் போன போட்டியில் ஒன்பதாவது நகர்வாக ராணியை வெளியே அனுப்பச் சொல்லியிருந்தார். பழைய ஆட்டங்களில் அது மூன்றுக்கு மூன்று வெற்றி. பயலோ பதினேழே நகர்வில் ராணியைப் பறிகொடுத்தான். துருவிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: அந்த மூன்றிலும் எதிராளிகள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே நேரம் தீர்ந்து தோற்றவர்கள். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இனிமே அஞ்சு லட்சம் ஆட்டத்தை உள்ள கொட்டிடுறேன்க்கா. அதுவே பொறுக்கிக்கட்டும்” என்றார் தம்பி.

“அது மட்டும் கடிகாரத்தைப் பாக்குமா? இன்னும் ஒரே ஒரு ஆட்டம் குடு. தோத்தா நோட்டை நானே பரண்ல போட்டுடுறேன்.”

ராணிக்குப் பதில் புது நகர்வு கண்டுபிடித்தார். அதை மட்டும், மை தொடாமல், பென்சிலில் எழுதிக் கணினியில் ஏற்றச் சொன்னார்.

அந்த ஒரு ஆட்டம் இந்தச் சனிக்கிழமை நடந்தது. எதிரணி நிரல் அதே வழியில் வந்தது. ஒன்பதாவது நகர்வில் பய ஒரு நொடிகூட யோசிக்காமல் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். தம்பி நகம் கடித்தார். அக்கா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தோராவது நகர்வில் எதிரணிக்காரர் எழுந்து தம்பிக்குக் கைகொடுத்தார்.

“ஜெயிச்சுட்டோம்க்கா! உன் நோட்டுதான் இனிமே. பச்சை போடு!”

“அவங்க கடிகாரத்துல எவ்வளவு நேரம் மிச்சம்?”

தம்பி எட்டிப் பார்த்தார். “இருபது நிமிஷம் இருக்கு.”

அக்கா பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.