ஒரே குடும்பம்

“...ஒரே குடும்பம்னு நீங்கதானே சொன்னீங்க முதலாளி?”

இன்றைக்கும் மலைவாழைப்பழ வாசம் வந்தாலே அம்மாவின் இந்தக் குரல்தான் கேட்கிறது. பழனியில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் பழம் உரிப்பது அவள் வேலை. அடைமழையில் யாவாரம் படுத்ததும், “கடை நிமிர்ற வரைக்கும் சம்பளம் கேக்காதீங்க, நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று முதலாளி ஆரம்பித்துவிட்டார். இதென்ன கூத்து! தைப்பூசத்தில் லாபம் கொட்டியபோது இந்தக் குடும்பம் எங்கே போயிருந்ததாம்?

அம்மாவும் சும்மா உரித்துக் கொடுத்துப் பார்த்தாள். வீட்டில் அரிசிப் பானை காலியான அன்றைக்குத்தான் இப்படிக் கேட்டாள்.

“அதுலென்ன தாயி சந்தேகம்?” என்றார் அவர்.

“அப்பச் சரிங்க.”

பிசுபிசுத்த கையைக் கழுவினாள். பிள்ளைகள் எங்களை இழுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டு அடுப்படிக்குப் போனாள். வரிசையாக உட்காரவைத்து, முதலாளியின் மனைவியிடம், “வெரசா சோத்தைப் போடுங்கக்கா, பிள்ளைக பசியோட கெடக்கு” என்று தானும் உட்கார்ந்துவிட்டாள்.