பேத்தைக்கு வாங்கிய உப்பு

பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என் மனைவியிடம் கேட்டால் இதைவிட மோசமாகச் சொல்வாள்.

நீர்கொழும்பில் வேலை செய்யும் மச்சான், கடலோரக் களப்பில் பிடித்த புள்ளிப் பேத்தை மீன் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கட்டைவிரல் அளவுதான். கோபம் வந்தால் பந்தாக ஊதும். நல்ல தண்ணீரில் அது நெடுநாள் தாங்காது, பாதிக் கடலாவது வேண்டும். மலைநாட்டு லிந்துலையில் கடலுக்கு எங்கே போவது? கல்லுப்பு வாங்கி ஜாடியில் வைத்து, மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அளந்து கரைத்தேன்.

மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகிறவள். அவளுக்கு அந்த மீனைக் கண்டாலே ஆகாது.

"கறிக்கும் ஆகாது. விஷ மீனுக்கு இவ்வளவு சீராட்டா?" என்பாள்.

மழைக்காலம் தொடங்கியதும் ஜாடியில் உப்புக் குறைந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. ஜாடியை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அந்த வாரமே பேத்தை நான் போட்ட நத்தையைத் தொடவில்லை. வயிறு மட்டும் உப்பியிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் எதையோ போட்டு அதைக் கொல்லப் பார்க்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பேய் தெரிந்தது.

ஒரு நாள் வேலையிலிருந்து சொல்லாமல் முன்னதாகவே வந்தேன். அவள் தொட்டி அருகே நின்று காகிதத்திலிருந்து எதையோ உதறினாள். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

காகிதத்தில் இன்னும் ஓர் அட்டை நெளிந்தது. அவளுடைய இரண்டு கணுக்காலிலும் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"முந்தி உங்க ஜாடிக் கல்லுப்பத் துணியில முடிஞ்சுக்கிட்டுப் போவேன். தொட்டு வச்சா மலையிலயே விழுந்திரும். தூளுப்பு மழைக்குக் கரைஞ்சு போயிருதுங்க. இப்ப இதுக வீடு வரைக்கும் வருது. சும்மா கொல்றதுக்கு, இது திங்கட்டுமேன்னு போட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"பெட்டியப் பூட்டினவர்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை, அவள் மலைக்குக் கிளம்புமுன் ஜாடியைத் திறந்து, துணியில் ஒரு பிடி உப்பை நானே முடிந்து கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டவள் ஜாடியை என் பக்கம் தள்ளினாள்.

"எவ்வளவு இருக்குன்னு பார்த்து வச்சுக்கங்க. பொறகு கொறஞ்சிருச்சுன்னு தேடுவீங்க."

அவள் சிரிக்கவில்லை.