உத்திரத்துக்கு ஒரு விரல்

மரத்தில் மாடித் தளம் போடவேண்டும் என்றால் பாலக்கரையில் பாக்கியநாதன் மேஸ்திரியைத்தான் கைகாட்டுவார்கள். உத்திரம், அதன்மேல் குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் பலகை. இதை அவர் எங்கும் போய்ப் படிக்கவில்லை; இடிக்கிற வீடுகளில் மரத்தைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். கெட்டுப்போன உத்திரங்கள் எல்லாம் சுவருக்குள் புதைந்த நுனியில்தான் கெட்டிருந்தன. அதனால் நுனியைச் சுற்றிச் சுவரில் ஒரு விரல் இடம் விடுவார். காற்று போனால் ஈரம் தங்காது. ஏன் இந்த ஓட்டை என்று கேட்டவர்களிடம், “உங்களுக்கு மூக்கு எதுக்குங்க?” என்பார்.

போன ஆடியில் இருதயமேரி ஆளனுப்பினாள். அவள் வீட்டு மாடியில் ஐந்து தையல் மிஷின்கள். தளம் பத்தொன்பது வருஷத்துக்கு முன் மேஸ்திரி போட்டது. இப்போது மிஷின் ஓடினால் ஆடியது. இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொன்னார் எஞ்சினியர் சுரேஷ்குமார். ஆறு மாதம் ஆகும். தீபாவளி ஆர்டர் அவ்வளவும் கைவிட்டுப் போகும்.

மேஸ்திரி கீழே ஏணி போட்டு ஏறி உத்திரத்தை உளியால் குத்தினார். நடுவில் உளி இறங்கவில்லை. சுவரோரம் பிடிவரை போனது. நுனியைச் சுற்றி விட்ட இடம் முழுக்கச் சிமெண்ட், வழவழவென்று பூசியிருந்தது.

“இத எந்த மடையன் அடைச்சான்?” என்றார் சுரேஷ்குமார்.

மேஸ்திரி பூச்சைத் தடவிப் பார்த்தார்.

“நான்தாங்க.”

“பல்லி போகுது, அடைங்கன்னு மூணு நாள் நச்சரிச்சது நானு,” என்றாள் இருதயமேரி.

“நீ ஆயிரம் சொல்லுவம்மா. எனக்கு எங்க போச்சு புத்தி?”

“ஒத்துக்கிட்டா தளம் நின்னுடுமாங்க?” என்றார் சுரேஷ்குமார்.

“நிக்காதுங்க. நுனி மட்டும்தான் போயிருக்கு. பத்து நாள் குடுங்க. அப்புறம் அஞ்சு மிஷினையும் ஒண்ணா ஓட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா நானே இடிச்சுத் தரேன்.”

உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, கெட்ட நுனியை இரண்டடி அறுத்தெடுத்தார். காய்ந்த தேக்குத் துண்டை இணைத்து இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கினார். சுவரில் இடம் விட்டபோது தன் விரலை நம்பாமல் சுரேஷ்குமாரின் விரலையும் விடச் சொல்லிப் பார்த்தார்.

பதினோராம் நாள் ஐந்து மிஷின்களும் ஓடின. தளத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டம்ளர். சுரேஷ்குமார் குனிந்தே இருந்தார். தண்ணீர் அலைந்தது, சிந்தவில்லை.

“எனக்கும் ஒரு சட்டை தைச்சுருங்கம்மா, தீபாவளிக்கு,” என்று நிமிர்ந்தார்.

கீழே இறங்கி வந்தபோது, சுவரில் ஊர்ந்து வந்த ஒரு பல்லி அந்த ஒரு விரல் இடத்துக்குள் போனது. இருதயமேரி மேஸ்திரியைப் பார்த்தாள்.

“அடைக்க முடியாதும்மா.”

“நான் ஒண்ணும் கேக்கலயே,” என்றவள், அந்த ஓட்டைக்கு நேர் கீழே சுவரோரம் இருந்த தண்ணீர்ப் பானையை இரண்டடி தள்ளி வைத்தாள்.