முடிச்சுப் போடாத மயில்

ராசிபுரத்தில் ஆரி எம்ப்ராய்டரி வகுப்பில் துணியை இழுத்துக் கட்டிய மரச் சட்டங்களில், எனக்கு எதிர்ச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். வெண்ணந்தூர் பஸ்ஸில் வருவார். நாற்பது வயதிருக்கும். தறி ஓட்டிக் காய்த்துப்போன விரல்கள். எங்களைப் போல அவரும் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்கத்தான் சேர்ந்திருந்தார்.

சங்கிலித் தையலின் கடைசியில் முடிச்சுப் போடாவிட்டால், நூலை இழுத்ததும் மொத்தமும் பிரிந்துவிடும். நாங்கள் மறந்து தொலைப்போம். அவர் தினமும் அதே மயிலைத் தைத்து, கிளம்பும்போது வேண்டுமென்றே இழுத்துவிடுவார்.

"ஏனுங்கக்கா பிரிக்கறீங்க?" என்றேன்.

"கொண்டு போய்க் காட்டுனா, அதான் கத்துக்கிட்டயே, காசு எங்கன்னு ஊட்டுல கேப்பாங்க சாமி. இன்னும் கை வருலீன்னு சொன்னா நாளைக்கும் வர உடுவாங்க."

பிரிந்த நூலைத் திரும்பக் கண்டில் சுற்றினார்.

ஒரு திங்கட்கிழமையிலிருந்து அவர் வரவில்லை. டீச்சர் அந்தச் சட்டத்தை எனக்குக் கொடுத்தார். துணியில் நூலில்லை, வரைந்த கோடும் அழிந்திருந்தது. ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தேன். ஊசித் துளைகளில் மயில் முழுதாகத் தெரிந்தது.

இப்போது நான் கல்யாண ஜாக்கெட்டுகள் தைக்கிறேன். மயில் கழுத்து எனக்கு இன்னும் அப்படி வளையவில்லை.