மேனேஜரின் பந்துதான் கிட்ட

சக்குபள்ளத்துக்கு மேலே இருந்த அந்த ஏலத் தோட்டத்தில் பந்து உருட்டக் கற்றுக்கொள்வதற்கு முன் மேனேஜரிடம் தோற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் கடினம். முதலாவதை எனக்கு மேனேஜர் கற்றுக்கொடுத்தார். இரண்டாவதை என் அக்காள் புருஷன்.

ஐம்பதுகளின் நடுவில், இண்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தபோது அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் அங்கே கண்டக்டர். காட்டுக்குள் ஆட்களை நிறுத்தி வேலை வாங்குவது அவர் வேலை. பதவியின் பெயர் பெரிதாக இருந்தது. குடியிருப்பு லயத்தின் கடைசி அறை. கூலியாட்களுக்குக் கட்டிய நீளமான வரிசை வீடு அது. அடுப்புப் புகை வெளியே போக வழியில்லை. மழைக்காலத்தில் மேட்டுப் பக்கத்துச் சுவர் முழுக்க ஊறும். அக்காவின் பெண் குழந்தைக்கு அப்போது நடை பழகும் வயது. மூச்சிழுப்பு வந்தால் அதன் விலாவெலும்பு ஒவ்வொன்றும் தெரியும். இன்னொரு மழையை இந்த அறையில் வைத்துப் பார்க்காதீர்கள் என்று தோட்டத்து டிஸ்பென்சரி கம்பவுண்டர் சொல்லிவிட்டார்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. பலகைத் தரை, தனிச் சமையலறை, புகைக்கூண்டு. அதில் இருந்த கணக்கப்பிள்ளை வேலையை விட்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். சாவி மேனேஜரிடம் இருந்தது. மச்சான் கேட்டபோதெல்லாம் மேனேஜர், "பாக்கலாம்யா, ஞாயித்துக்கெழமை வா" என்றார். ஞாயிற்றுக்கிழமை போனால் கையில் பந்தைக் கொடுத்தார்.

அந்த மேனேஜர் யுத்தத்தின்போது பட்டாளத்தோடு இத்தாலிக்குப் போனவர். அங்கே அவர் சுட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ரேஷன் மூட்டைக்குக் கணக்கு எழுதியிருக்கிறார். ஆனால் பேச்சில் இத்தாலியை அவரே பிடித்துக் கொடுத்ததுபோல் இருக்கும். பால் ஊற்றாத காப்பியை முகம் சுளித்துக்கொண்டே குடிப்பார். வெள்ளைக்காரன் தோட்டத்து மேனேஜர்களைப் போலத் தன்னையும் 'தொரை' என்று கூப்பிட விடுவார். கம்பத்து மளிகைக்கடைக்காரர் மகன்.

இத்தாலிக் கிராமத்துக் கிழவர்கள் மாலையில் விளையாடும் ஆட்டம் ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். போச்சி என்று பெயர். லயத்து ஆட்கள் அந்தப் பெயரை வைத்து என்னென்ன பேசினார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. ஆட்டம் எளிது. முதலில் ஒரு சிறிய பந்தை எறிவது. அதைக் குட்டி என்று சொன்னோம். பிறகு ஆளாளுக்குப் பெரிய பந்தை உருட்டுவது. குட்டிக்குக் கிட்டத்தில் யாருடைய பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. எதிராளியின் பந்தை அடித்துத் தள்ளவும் செய்யலாம். அந்தத் தோட்டத்தில் அதை ஒருவரும் செய்யவில்லை.

பங்களாவின் பின்புறம், சமையலறைக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடுவே ஆடுகளம். கவாத்துக்கு வந்த ஆட்களை மடக்கி மண்ணை வெட்டிச் சமன் செய்திருந்தார்கள். அந்த மலையில் சமன் என்பது பார்வைக்குத்தான். ஓரத்தில் பதித்த பலகையைத் தாண்டினால் பந்து ஏலச் செடிகளுக்குள் விழுந்து ஓடைவரை போகும். பந்துகளைத் தோட்டத்து ஆசாரி பலா மரத்தில் கடைந்திருந்தார். ஒன்றில் கணு இருந்தது. எப்படி விட்டாலும் இடது பக்கம் திரும்பும். மேனேஜர் அதை எடுப்பதில்லை.

நாலாவது ஆள் குறைகிறது என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

"கையைத் திருப்பு. உள்ளங்கை தரையைப் பாக்கணும். எறியாதே, விடு. படிச்ச பையன்தானே?" என்றார் மேனேஜர். ஒரு முழங்காலை மடித்து, பிருஷ்டத்தைத் தூக்கி, தானே செய்து காட்டினார். பந்து பலகையில் இடித்து நின்றது. "பாத்தியா?" என்றார். பார்த்தேன்.

ஆனால் வித்தை உண்மையானது. உள்ளங்கை கீழே பார்க்க, விரல் நுனியிலிருந்து பந்து பின்சுழலோடு நழுவினால் அது தரையைத் தேய்த்துக்கொண்டு போய், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். கொஞ்ச நாளில் எனக்கு அது வந்தது. ஒருமுறை குட்டிக்கு ஒரு விரல் தள்ளி நிறுத்திவிட்டேன். மச்சான் என் முழங்கையைப் பிடித்து விறகுக் கொட்டகைப் பக்கம் இழுத்துப் போனார்.

"மாப்ள, என்ன செய்யிறீக?"

"வெளையாடுறேன்."

"கிட்டப் போகாதீக. ஒரு சாண் தள்ளி நிறுத்துங்க. தூரமாவும் விட்டுராதீக, அப்புறம் வெளையாடத் தெரியாதவன்னு கூப்பிட மாட்டாரு. கூப்பிடலேன்னா வீடு கெடைக்காது."

இதுதான் அங்கே நடந்த ஆட்டம். கிட்டத்தில் போக வேண்டும், மிகக் கிட்டத்தில் போகக் கூடாது. தோற்றபின் 'ச்' என்று உச்சுக்கொட்ட வேண்டும். இதில் எங்களோடு ஆடிய ரைட்டர், ஸ்டோரில் கணக்கு எழுதுகிறவர், கெட்டிக்காரர். பந்து தவறியதும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "தொரை முன்னால நிக்க முடியலையே!" என்பார். ஓட்டு வீட்டை அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குடும்பம் போடியில் இருந்தது. மலைக்கு வருவதாக இல்லை. வீடு எதற்கு என்றால், கோழி வளர்க்க.

அளப்பது மச்சான் பொறுப்பு. ஏலத் தட்டைக் குச்சி ஒன்றை உரித்து வைத்திருப்பார். குட்டிக்கும் பந்துக்கும் நடுவே அதை வைத்து, கட்டைவிரல் நகத்தால் அடையாளம் பிடித்து, அடுத்த பந்துக்குக் கொண்டுபோவார். போகிற வழியில் நகம் நகரும். பிறகு நிமிர்ந்து, கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி, "தொரையோடதுதான் கிட்ட" என்பார். நின்ற இடத்திலிருந்தே உண்மை எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. "ஆட்டத்துல பெரியவன் சின்னவன் கெடையாதுய்யா, எல்லாம் சமம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பந்தை எடுப்பார். தான் நல்ல ஆட்டக்காரர் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை வாரம் தவறாமல் மச்சான் அளந்து கொடுத்தார்.

சித்திரை கடைசியில் முதலாளி மேலே வந்தார். கம்பத்துக்காரர். மழைக்கு முன் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். சுற்றி முடித்து, பின்புறத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே களத்தைப் பார்த்தார்.

"என்னய்யா இது, கோலிக்குண்டுக்கு அண்ணனா?"

மேனேஜர் சிரித்தார். இத்தாலியைப் பற்றிச் சொன்னார். முதலாளி அதைக் கேட்கவில்லை. எழுந்து வந்து கூடையில் கைவிட்டு ஒரு பந்தை எடுத்தார். அது கணு இருந்த பந்து.

மேனேஜர் முதலில் விட்டார். அவர் தோற்க நினைத்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதில் அவருக்குப் பழக்கம் இல்லை. ஜெயிக்க நினைத்து அவர் விட்ட பந்தெல்லாம் பலகையில் போய் இடிக்கும். இந்தப் பந்து அழகாக உருண்டு குட்டிக்கு ஒரு சாணில் நின்றது. அவருக்கு வியர்த்தது. முதலாளி கோயில் வாசலில் சிதறுகாய் போடுகிறவர் மாதிரி பந்தை வீசினார். அது தரையில் குதித்து, வலது பக்கமாக ஓடி, கணுவின் புண்ணியத்தில் இடது பக்கம் திரும்பி, நேராகக் குட்டியிடம் வந்து அதைத் தொட்டுக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு தாள் போகாது.

"எதுய்யா கிட்ட?" என்றார் முதலாளி. தெரிந்துகொண்டு கேட்ட கேள்வி.

மச்சான் தட்டையோடு ஓடினார். அளக்க அங்கே ஒன்றும் இல்லை. இருந்தும் மண்டியிட்டார். முதலாளியின் பந்தருகே தட்டையை வைத்தார், நகத்தைப் பிடித்தார், மேனேஜரின் பந்துக்குக் கொண்டுபோனார், நிமிர்ந்தார்.

"தொரையோடதுதான் கிட்ட, மொதலாளி."

வேலைக்காரி சமையலறையில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"ஏய்யா, எனக்குக் கண்ணு தெரியலையா, ஒனக்குத் தெரியலையா?"

மச்சான் குனிந்து இரண்டு பந்தையும் பார்த்தார். திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. மேனேஜர் முந்திக்கொண்டார்.

"நானும் பலதடவ சொல்லிட்டேன் மொதலாளி. அளவுல இந்தாளு கொஞ்சம் அப்பிடித்தான்."

"ஸ்டோர்ல ஏலக்காய நிறுக்கிறதும் இந்தாளுதானா?"

"இல்லீங்க மொதலாளி, நாந்தான்" என்று ரைட்டர் முன்னால் வந்தார். அவர் கையில் எங்கிருந்தோ ஒரு துண்டு இருந்தது. முதலாளியின் கை மண்ணைத் துடைக்க நீட்டினார்.

"நீ எங்க குடியிருக்க?"

"டிஸ்பென்சரிக்குப் பின்னால, ஒரு சின்ன ரூம்பு."

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா ஸ்டோரை யாரு பாக்குறது? அந்த ஓட்டு வீடு சும்மாத்தான கெடக்கு?" முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "சாவியக் குடு."

மச்சான் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். தன் பொருட்டு இத்தனை வாரம் நகத்தை நகர்த்தியவனுக்காக மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தை ஒன்று இருக்கிறது, இழுப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "மொதலாளிக்குக் காப்பி கொண்டா, பால் ஊத்தி" என்றார்.

அறைக்குத் திரும்பியதும் நடந்ததை நான்தான் அக்காவிடம் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு மச்சானிடம் திரும்பினாள்.

"எது கிட்ட இருந்துச்சு?"

"மொதலாளியோடது."

"கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"பெறகு?"

"வாயில அதுதான் வந்துச்சு. பழகிப்போச்சு."

அக்கா அழவில்லை. "நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்கு எறங்குறேன். நீங்க இருந்து அளந்துக்கிட்டுக் கெடங்க" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் மச்சான் அவளைத் தடுக்கவில்லை. மழை வருவதற்குள் வேறு வீடு பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஏலச்சாக்கு ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்கும் லாரி ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. முந்தின நாள் அவர் மெதுவாகக் கேட்டார்:

"திங்கக்கெழமை போனா என்ன? நாளைக்கு ஒன்னைக் கொண்டுவிட நானும் மாப்ளையும் வந்துட்டா அங்க ஆட்டத்துக்கு ரெண்டு ஆளு கொறையும்."

அக்கா பெட்டியைக் கட்டி முடித்தாள். காலையில் நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன். மச்சான் லயத்து முனைவரை வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். பிறகு, நேரமாகிறது என்று பங்களாவுக்கு ஏறும் படியில் வேகமாகப் போனார்.

அம்மா வீடு இருந்த கம்பத்தின் காய்ந்த காற்றில் குழந்தையின் இழுப்பு தணிந்தது. அக்கா அந்த மழைக்கும் அடுத்த மழைக்கும் மலை ஏறவில்லை. மச்சான் மாதம் ஒருமுறை இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். சனிக்கிழமை வந்தாலும் இரவு தங்குவதில்லை.