மலைக்குப் போட்ட பூட்டு

கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறேன். சென்னையில் வேலையும் கல்யாணமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிந்துபோயின. சொந்த ஊர் களமருதூர். அங்கே திரும்பிப் போக மனசில்லை, ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. முதல் ஆறு மாதம் அது வசதியாக இருந்தது. பிறகு யாராவது எதையாவது கேட்டால் தேவலை என்று ஆகிவிட்டது.

சின்னச் சின்ன நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. எல்லாம் லினக்ஸ். கறுப்புத் திரையில் நான் ஒன்று தட்டுவேன், அது ஒன்று சொல்லும். வாயைத் திறக்காமலே சில நாட்கள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் தண்ணீர் கேன் போடுகிறவரிடம் "ரெண்டு" என்று சொல்லப்போய், குரல் வராமல் இரண்டு விரலைக் காட்டினேன். ஊமை என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகு அவரும் விரலைத்தான் காட்டுகிறார்.

அந்த சர்வர்களில் ஒன்று, கல்வராயன் மலையில் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஐந்து சிறு விடுதிகள் நடத்தும் ஓர் அறக்கட்டளையுடையது. புதன்கிழமை மதியம் ஒவ்வொரு விடுதியிலிருந்தும் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று அந்த வாரத்துச் சாமான் பட்டியல் சர்வருக்கு வரும். வியாழன் காலை இங்கே மளிகைக் கடைக்காரர் அதைப் பார்த்து ஜீப்பில் ஏற்றிவிடுவார். புதன் பட்டியல் வராவிட்டால் வியாழன் ஜீப் கிடையாது. ஜீப் போகாவிட்டால் வியாழன் ராத்திரிக்கே அங்கே அரிசிப் பானை காலி.

பட்டியல் வந்ததும், பக்கத்தின் அடியில் இருக்கும் பெட்டியில் "வந்துச்சு" என்று தட்டுவேன். அது என் வேலையில் சேர்த்தி இல்லை. தானாகவே போகும்படி நாலு வரி எழுதிவிடலாம்தான். எழுதவில்லை. ஐந்து விடுதிகளில் ஒன்றிலிருந்து மட்டும் "சரிங்க" என்று பதில் வரும். இரண்டு வருஷமாக வாரம் ஒரு "சரிங்க". எழுதுவது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் புதன்கிழமைகளில் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன தை மாதம் அந்த சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது தலை சுற்றியது. எங்கெங்கோ தேசங்களிலிருந்து யார் யாரோ கடவுச்சொல்லைக் குத்துமதிப்பாகப் போட்டுப் போட்டு நுழையப் பார்த்திருக்கிறார்கள், நிமிஷத்துக்கு நிமிஷம். என் வீட்டுக் கதவைத் தட்ட ஆளில்லை, இந்தக் கதவை உலகமே தட்டுகிறதே என்று ஆத்திரம் வந்தது. முதல் வேலையாக ஐந்து விடுதிகளின் கடவுச்சொற்களையும் மாற்றினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து, நானே இரண்டாம் தடவை பார்த்துத்தான் அடிக்க முடியும் என்கிற மாதிரி. ஆளுக்கொரு தாளில் அச்சடித்து, "சந்தேகம் இருந்தால் கூப்பிடவும்" என்று என் போன் எண்ணையும் போட்டு, வியாழன் ஜீப்பில் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த செவ்வாயன்று காவல் மென்பொருளை நிறுவினேன். நிறுவுவது ஒரு வரி வேலை. அது பதிவேட்டைப் படித்துக்கொண்டே இருக்கும், ஒரே இணைய முகவரியிலிருந்து, அதாவது ஒரே நெட் இணைப்பிலிருந்து, தொடர்ந்து தப்பான கடவுச்சொல் வந்தால் அந்த முகவரிக்குக் கதவைச் சாத்திவிடும். எத்தனை தப்பு, எவ்வளவு நேரம் தடை என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஐந்து தப்பு, பத்து நிமிஷம் என்று இருந்தது. எனக்கா போதும்? தப்பை மூன்றாகக் குறைத்தேன். நேரத்தின் இடத்தில் மைனஸ் ஒன்று போட்டேன், அப்படிப் போட்டால் தடை தானாக நீங்கவே நீங்காது. சாத்தப்பட்டவருக்கு ஏன் என்றுகூடத் தெரியாது. திரை சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். எந்த முகவரிகளை ஒருபோதும் தடுக்கக்கூடாது என்று எழுதிவைக்கவும் ஓர் இடம் உண்டு. அங்கே என்னுடையதை மட்டும் எழுதினேன். வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் புதன். மதியம் போய்விட்டது, ஒரு பட்டியலும் வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்களுக்கு வேறு வழி கிடைத்திருக்கும், என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கப் போகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தப் புத்தி. யாராவது ஒரு நாள் பேசாவிட்டால் நான் ஒரு மாதம் பேசமாட்டேன். தடைப்பட்டியல் நீளுவதைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்நிய முகவரிகளுக்கு நடுவே இந்திய முகவரி ஒன்றும் இருந்தது. உள்ளூர்த் திருடனும் சேர்ந்துவிட்டானா என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. தெரியாத எண்களை நான் எடுப்பதில்லை. லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்பார்கள். மறுபடி வந்தது. வியாழன் காலையிலும் விடாமல் வந்தது. எரிச்சலில் அந்த எண்ணை பிளாக் செய்தேன். உடனே நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் துணிப்பை. மலையிலிருந்து தேன் விற்க வருகிறவர்கள் உண்டு. "ஒன்னும் வேணாம்மா" என்று உள்ளே இருந்தபடியே சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"விக்க வரலீங்க. கம்ப்யூட்டர் சார் வூடு இதானுங்களே?"

திறந்தேன். விடுதியிலிருந்து வருவதாகச் சொன்னார். எனக்கு முகம் செத்துவிட்டது. உட்காரச் சொல்லி நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்தேன். அந்த நாற்காலியில் துணி தவிர வேறு எதுவும் உட்கார்ந்து நாளாகியிருந்தது.

"எங்க பக்கம் டவர் கெடைக்கிறது ஒரே பாறை மேலதாங்க. புதங்கெழமை அஞ்சு வுடுதி ஆளுங்களும் அங்க வந்துருவோம். என் போன்லதான் நெட் நிக்கும், அதுலயே ஒவ்வொருத்தரா போடுவோம். நீங்க அனுப்புன புது பாஸ்வேர்ட ஒருத்தர் படிக்க ஒருத்தர் அடிச்சோம். மொத ஆளு மூணு வாட்டி தப்பா அடிச்சிட்டாரு. அதோட சரி, சுத்திக்கினே இருந்துச்சு. பொழுது போற வரிக்கும் பாறை மேலயே குந்திக்கினு இருந்தோம்."

ஒரு பாறை, ஒரு போன், ஒரு முகவரி. ஐந்து விடுதிகளையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறேன். ஒரு வரி தட்டி அந்தத் தடையை நீக்கினேன். நான் வைத்த பூட்டுதான் என்று ஒப்புக்கொண்டேன். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"நேத்து ராவும் இன்னிக்குக் காலையிலயும் சாமைக் கஞ்சிங்க. ஊர்ல ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தாங்க. கடை நம்பரு எங்க யாரு கிட்டயும் இல்ல, கடைக்காரரு லீவுன்னு நெனச்சுக்கினாராம். நான் காத்தால மொத பஸ்ஸுல எறங்கி, அஞ்சு வுடுதிக்கும் நேரா கடையிலயே சொல்லிட்டேன். ஜீப்பு ரெண்டு மணிக்குக் கெளம்புது, அதுலயே ஏறிப் போயிருவேன்."

"அப்ப இங்க எதுக்கும்மா வந்தீங்க?"

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "வந்துச்சுன்னு உங்க கிட்டேர்ந்து வரலியே. போனும் எடுக்கல. அப்புறம் ரிங்கே போவல. உடம்புக்கு இன்னாவோன்னு, கடையில வூட்டக் கேட்டுக்கினு வந்தேன்."

"சரிங்க" இவர்தான். எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளாமல் இருக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனேன். அந்த எண் யாருடையது என்று அதற்குள் புரிந்துவிட்டது. பூட்டு வைத்தது மென்பொருள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். போனைப் பூட்டியது நான். கதவைத் திறக்காமல் பேசியதும் நான்தான். இரண்டு வருஷமாக யாரும் என்னைத் தேடவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவன், தேடி வந்த ஒரே ஆளை மூன்று இடத்திலும் விரட்டியிருக்கிறேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "வூட்ல வேற யாரும் இல்லீங்களா?"

"இல்லம்மா."

"நாளைக்கு உங்களுக்கு ஒன்னுன்னா எங்களுக்கு யாருங்க சொல்லுவாங்க?"

குறை சொல்லும் குரலில் இல்லை. பட்டியலில் எண்ணெய் விட்டுப்போயிருக்கிறதே என்பது போல, விஷயமாகத்தான் கேட்டார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பக்கத்தில் இருக்கிற யாருடைய நம்பராவது எழுதிக் கொடுங்கள், இனிமேல் போன் எடுக்காவிட்டால் அவர்களைக் கேட்கிறேன் என்றார்.

போனைத் திறந்து தேடினேன். கேஸ், தண்ணீர் கேன், சென்னையில் இனிமேல் கூப்பிட முடியாத சில பேர். எழுத ஓர் எண்ணும் இல்லை.

"இருங்கம்மா, வரேன்" என்று நோட்டோடு படியிறங்கினேன். கீழே ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் குழம்பு வாசனை தெரியும், குக்கர் சத்தம் தெரியும், குழந்தையின் இருமல்கூடத் தெரியும். ஒரு நாளும் அவர்களிடம் பேசியதில்லை. கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

என்னவென்று சொல்வது? "மேல குடியிருக்கேங்க" என்றேன். "ஒரு நம்பர் வேணும்."